ஊர் வரலாறா, காணி உறுதியா?

ஊரின் வரலாற்றை எழுதுதல் அண்மைக் காலத்தில் எமது கடலோரப் பகுதியில் ஒரு பெருவழக்காக வளர்ந்துவிட்டது. பாடசாலைக்குப் பவள விழாவா, பள்ளிவாசலின் புதிய கட்டடத் திறப்பா, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு நிறைவா, எதுவாயினும் ஒரு மலர் வெளிவருகிறது. மலர் வெளிவந்தால் அதில் 'எமது ஊரின் வரலாறு' என்றொரு கட்டுரை தவறாது இடம்பெறுகிறது. தனி நூல்களும் வந்த வண்ணம் இருக்கின்றன. பெரியநீலாவணை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களைப் பற்றிய இத்தகைய மலர்களும் நூல்களும் பத்துப் பதினைந்து எமது மேசையிற் கிடக்கின்றன. பாடசாலை விடுமுறையில் அவற்றை ஒருசேர வாசித்தோம். தனித்தனியே வாசித்தபோது தோன்றாத ஓர் ஐயம், சேர்த்து வாசித்தபோது வலுவாக எழுந்தது.

எழுதியோரை நாம் இகழ வரவில்லை. அவர்கள் பெரும்பாலும் எம்மைப் போன்ற ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள், கிராம சேவகர்கள். சொந்தப் பணத்தில் அச்சிட்டுத் தாமே சைக்கிளில் கொண்டுபோய் விற்றவர்களும் உளர். பல்கலைக்கழகங்கள் கைவிட்ட ஒரு பணியை அவர்கள் கையேற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் எடுத்த பணியின் பெருமை எழுதிய நூலுக்குத் தானாக வந்துவிடாது.

காணி உறுதியொன்றை வாசித்தோர்க்கு அதன் அமைப்புத் தெரியும். ஆதனம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது முதலில் வரும். அடுத்து எல்லைகள்: வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே கடல், தெற்கே ஒழுங்கை, மேற்கே வாய்க்கால். அயலவன் அங்கே எல்லையாக மட்டுமே வருகிறான். அக்காணியிற் கிணறு வெட்டியவன் பெயர் அதில் இராது; தென்னை நட்டவள் பெயர் இராது; வேலியால் வாங்கிய நெருப்பும் கொடுத்த குழம்பும் இரா. உறுதிக்கு அவை வேண்டியதுமில்லை. எமது ஊர் வரலாறுகள் இந்த உறுதியின் அமைப்பிலேயே எழுதப்படுகின்றன என்பதே நாம் இங்கு கூற முற்படுவது.

அவை தொடங்கும் விதத்தைப் பார்ப்போம். முதலில் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி. மருதமரமொன்று சாய்ந்து நின்றமையால் சாய்ந்தமருது. சம்பான்கள் வந்து தங்கிய துறையாதலால் சம்மாந்துறை. சரி; ஏற்றுக்கொள்வோம். ஆனால் சம்பானில் ஏற்றப்பட்டது யாருடைய நெல், ஏற்றிய கூலியாட்கள் எவர், அத்துறை ஏன் ஓய்ந்தது என்று அடுத்த வினாவை எவரும் எழுப்புவதில்லை. பெயர் விளங்கியதும் வரலாறும் விளங்கிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. சாய்ந்து நின்ற மரத்துக்குக் கிடைத்த பக்கங்கள் அதன் நிழலில் இருந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வருவது குடியேற்றம். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான், அவர்கள் தொகை நாலாயிரம் என்ற செய்தி நூலுக்கு நூல் ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இச்செய்தியின் மூலம் யாது, அதற்கு முன்பும் இங்கு வாழ்ந்தோர் உளரா என்ற கேள்விகளைப் பலர் தொடுவதேயில்லை. அதன்பின் முக்குவர் திமிலர் போர்க் கதை. முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம் வணிகர் வெற்றிக்குப் பின் முக்குவப் பெண்களை மணந்து இங்கு தங்கினர் என்பது இப்பகுதியின் வாய்மொழி மரபு. இக்கதையைத் தமிழ் ஊரொன்றின் மலர் சொல்லும்போது முஸ்லிம்கள் ஆதரிக்கப்பட்ட விருந்தினர். முஸ்லிம் ஊரொன்றின் மலர் சொல்லும்போது அவர்களே காப்பாளர். ஒரே கதை இரு வழக்காளிகளின் கையில் இரு சாட்சியாகிறது. மணம் செய்து கொடுக்கப்பட்ட பெண்களோ இரண்டிலும் வாய் திறப்பதில்லை.

இது நேற்றுத் தோன்றிய குறையன்று. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' இப்பகுதியின் பழைய வரலாற்றுக்கு நாம் யாவரும் நாடும் நூல். எக்குடிக்கு எக்கோயிலில் எவ்வரிசை, யாருக்கு எந்த மரியாதை, எச்சாதிக்கு எந்தக் கடமை என்பனவற்றை அது விரிவாகச் சொல்கிறது. அதாவது அதுவும் ஓர் உரிமைப் பத்திரமே. நிலவுடைமைக் குடிகளின் உரிமைப் பத்திரம். அதனை அவ்வாறு அறிந்து பயன்படுத்துதல் வேறு, அதன் பார்வையையே கடன்வாங்கிக்கொள்ளுதல் வேறு. இதற்கு மாறாக 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' மக்களின் பேச்சை, கூத்தை, மருந்தை, பாட்டைத் தேடிச் சென்றது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களிற் கவிகளைச் சேகரித்ததும் அவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது. வயலிலும் பாய் இழைக்கும் திண்ணையிலும் பிறந்த அக்கவிகளில் வரும் ஊரையும் மலர்களில் வரும் ஊரையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே ஊர்தானா என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இனி நூல்களை மூடிவைத்துத் தெருவுக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் பெரியநீலாவணை தமிழ் ஊர், அடுத்தது மருதமுனை, முஸ்லிம் ஊர், பின் பாண்டிருப்பு, பின் இரு சமூகத்தாரும் கடை வைத்திருக்கும் கல்முனை நகர், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அதன்பின் காரைதீவு, அதனையடுத்து நிந்தவூர். ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய இத்தூரத்தை ஓர் அந்நியன் கடந்தால், ஊர் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று அவனாற் சொல்ல முடியாது. வீட்டுச் சுவர்கள் ஒட்டியிருக்கின்றன. மேற்கே ஒரே வயல்வெளி, கிழக்கே ஒரே கடல். ஆனால் எம் மேசையிலுள்ள நூல்களில் இவ்வூர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற தீவுகளாக இருக்கின்றன. பாண்டிருப்பு மலரில் திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உண்டு, மருதமுனைத் தறி இல்லை. கல்முனைக்குடி மலரில் கடற்கரைப் பள்ளியும் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியின் பெயரால் ஆண்டுதோறும் ஏறும் கொடியும் உண்டு, அயலூர்க் கோயில் இல்லை. கொடியேற்ற நாளில் கடற்கரை மணலில் கடை போடுவோர் யார், வாங்க வருவோர் யார் என்று பார்த்த கண் எழுதும்போது ஏன் மூடிக்கொள்கிறது?

சுவாமி விபுலானந்தரை எடுத்துக்கொள்வோம். 1892இல் காரைதீவில் பிறந்தார். ஆங்கிலக் கல்வியைத் தொடங்கியது கல்முனை மெதடிஸ்த பாடசாலையில். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 'யாழ்நூல்' அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இந்நாட்டிற் பல்கலைக்கழகத் தமிழ் கற்ற எவரும், அவர் எச்சமயத்தவராயினும், அவர் தொடக்கிவைத்த மரபில் வந்தவரே, நாமும் அப்படியே. எனினும் அவர் பெயர் காரைதீவு நூல்களுக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மைல் தள்ளியுள்ள முஸ்லிம் ஊர்களின் வரலாற்றில், அவர் படிக்க நடந்த பாதை அவ்வூர்களினூடாகச் சென்றதெனினும், அவருக்கு இடமில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள மரத்தின் பழம் உறுதியில் எழுதப்படுவதில்லையல்லவா?

உழைப்பின் சின்னங்கள் பற்றியும் ஒரு சொல். 'முக்கிய இடங்கள்' என்ற தலைப்பின் கீழ் பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தை, பிரதேச செயலகம் என்று அடுக்கப்படுகின்றன. கூடவே அவற்றைத் திறந்துவைத்த அமைச்சர்களின் படங்கள். மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்ட காலம் ஒன்றிருந்தது. சாரமும் சேலையும் நெய்த அந்தக் கைகள் 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி குவிந்தபோது என்னவாயின? எத்தனை தறி விறகாயிற்று, எத்தனை நெசவாளி நகைக்கடைக்கும் வெளிநாட்டுக்கும் கூலியாகப் போனான்? 'நெசவுக்குப் புகழ்பெற்ற ஊர்' என்ற ஒரு வாக்கியத்தோடு விடயம் முடிக்கப்படுகிறது. புகழை மட்டும் வைத்துக்கொண்டு நெசவாளியை அனுப்பிவிட்டோம்.

வயல் அதனினும் மோசமாகப் புறக்கணிக்கப்பட்டிருக்கிறது. இப்பகுதியில் 'வேளாண்மை' என்றாலே நெற்செய்கை. போடியார்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவர்கள் வயலில் நின்ற முல்லைக்காரனின் பெயர் ஒன்றேனும் வருவதில்லை. களவெட்டியில் நெல்லைப் 'பொலி' என்றழைத்து, அங்கு பேசுவதற்கெனவே ஒரு தனிமொழியை வைத்திருந்த மக்கள் இவர்கள். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அம்மொழியைப் பேசுவோர் அருகிவிட்டனர். அதனைக் குறித்துவைக்க வேண்டியவர் ஊர் வரலாற்றாசிரியரன்றி வேறு யார்?

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்த வயல்களின் தலைவிதியையே மாற்றியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. மேற்கே புதிய குடியேற்றங்கள் வந்தன. 1956இல் அங்கே தமிழரின் இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. வாய்க்காலின் தலைப்பில் சிங்கள விவசாயிகளும் கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தமையால், தண்ணீர்ப் பங்கீடு இனப்பிரச்சினையாக மாறக்கூடிய ஒன்றாயிற்று. ஆனால் 1980களின் தொடக்கத்தில் இடதுகரைப் பகுதியில் விவசாயிகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பகிர்ந்தபோது, தலைப்பிலிருந்தோர் கடைக்கோடிக்குத் தண்ணீர் விட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞர் அதைப்பற்றி நூலே எழுதிவிட்டார். அந்த மதகுகள் எமது மலர்களின் 'முக்கிய இடங்கள்' பட்டியலில் இல்லை. அவற்றைத் திறக்க எந்த அமைச்சரும் வரவில்லை போலும்!

வீட்டைப் பற்றிக் கூறாது மேற்செல்ல முடியாது. இக்கரையில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு மகளுக்குரியது. கலியாணத்தோடு வீடு பெண் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வருவான். குடியும் தாய்வழியே வருவது. பள்ளிவாசல் மரைக்காயர்கள் குடிக்கொருவராகத் தெரிவாவதும் அவ்வழக்கின் தொடர்ச்சியே. இரு சமூகமும் பகிர்ந்துகொண்ட மிகப் பழைய சொத்து இதுவேயாகலாம். இவ்வழக்கைச் சிலர் சமயத்துக்கு முரணானதென்று கூசி மறைக்கின்றனர். சீதனக் கொடுமையை மறைக்கும் சாக்காக வேறு சிலர் புகழ்கின்றனர். மகளுக்கு வீடு கட்ட முடியாது உடைந்துபோன தந்தையரை நாம் அறிவோம். அவ்வழக்கைப் புகழ எமக்கும் மனமில்லை. ஆயினும் உண்மை உண்மையே. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நாட்டிலேயே அதிக உயிர் இழந்த மாவட்டம் இதுவே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடற்புறத் தெருக்கள் அடியோடு அழிந்தன. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாதென்று முதலில் தடை வந்தது. பின்பு வேறிடங்களிற் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்ற சொல்லின் மூலம் ஆண்களின் பெயருக்குப் போயின. தலைமுறை தலைமுறையாகப் பெண் கையிலிருந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறிற்று. அப்படிவத்தை நிரப்பியோர் பலருக்கு இவ்வழக்கே தெரியாது. தெரிவித்திருக்க வேண்டிய ஊர் வரலாறு எம்மிடம் அச்சில் இருக்கவுமில்லை. வரலாற்றை எழுதாமையால் விளையும் நட்டம் எத்தகையதென்று கேட்போர் அவ்வீடுகளின் உறுதிகளை வாசிக்கலாம்.

சவூதி அரேபிய நிதியில் அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையிற் கட்டப்பட்ட 500 வீடுகளையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். வழக்கிற் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஆளின்றி, பற்றை மூடிக் கிடந்தன அவை. அயலூர் எந்த மலரிலும் அவற்றின் படத்தை நாம் காணவில்லை.

இவ்விடத்தில் ஜேர்மனியின் அனுபவம் எமக்குப் பயன்படும். சுவீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்குவிஸ்ட் 1978இல் ஒரு நூல் எழுதினார். நீ நிற்குமிடத்தைத் தோண்டு என்பது அதன் தலைப்பின் பொருள். சீமெந்துத் தொழிற்சாலையின் வரலாற்றை முதலாளியின் மலரிலிருந்தல்ல, அங்கு வேலைசெய்தவர்களே எவ்வாறு தேடி எழுதலாம் என்று அது கற்பித்தது. அதன் தூண்டுதலாலும் 1980களில் ஜேர்மன் நகரங்களில் வரலாற்றுப் பட்டறைகள் தோன்றின. ஆசிரியர்களும் தொழிலாளரும் மாணவரும் தத்தம் தெருவின் வரலாற்றைத் தேடினர். கோபுரங்களையும் கோட்டைகளையும் காட்டிய பழைய ஊர் வரலாறு அவர்களுக்குப் போதவில்லை. நாசிகளின் காலத்தில் எமது தெருவில் நடந்தது என்ன என்பதே அவர்களின் கேள்வி.

கொலோன் நகரில் நடந்தது எம்மை மிகவும் ஈர்த்தது. அந்நகரிலிருந்து 1940 மே மாதத்தில் ரோமா, சிந்தி மக்கள் ஆயிரம் பேர் நாடுகடத்தப்பட்டனர். ஐம்பது ஆண்டுகளின் பின், 1990இல், குந்தர் டெம்னிக் என்ற சிற்பி அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட பாதையை வீதியில் வரைந்தார். அப்போது அவ்வழியே வந்த வயது முதிர்ந்த பெண்ணொருத்தி, இப்பகுதியில் அப்படிப்பட்டவர்கள் எவரும் ஒருநாளும் வாழ்ந்ததில்லை என்றாளாம். அவள் பொய் சொன்னாள் என்று கொள்ள வேண்டியதில்லை. அவள் மனத்திலிருந்த ஊர் வரலாறு அவ்வாறு எழுதப்பட்டிருந்தது. 1992இல் கொலோன் நகர மண்டபத்தின் முன் முதற் கல் பதிக்கப்பட்டது. பத்துச் சென்ரிமீற்றர் அளவான கல், மேலே பித்தளைத் தகடு. பின்னர் பதிக்கப்பட்டவை கொல்லப்பட்டோர் இறுதியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலிலேயே, பெயரும் பிறந்த ஆண்டும் முடிவும் பொறித்து வைக்கப்பட்டன. 2023இல் அவற்றின் தொகை ஒரு இலட்சத்தை எட்டியது. எதிர்ப்பும் இருந்தது. மியூனிக் நகரசபை பொதுநிலத்தில் இவற்றை அனுமதிக்க மறுத்தது. இறந்தோர் பெயரைக் காலால் மிதிப்பதா என்று யூதர்களே சிலர் வருந்திக் கேட்டனர். அது நியாயமான கேள்வி. நினைவு கொள்ளும் முறைபற்றி அங்கே வாதம் நடக்கிறது. நினைவு கொள்வதா என்பதுபற்றியே நாம் இன்னும் தயங்கி நிற்கிறோம்.

ஏனெனில் எமது நூல்களிலும் அந்த மூதாட்டியின் குரல் கேட்கிறது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழரின் வீடுகள் எரிந்தன. எமது முஸ்லிம் ஊர் மலர்களில் அது ஒரு 'அசம்பாவிதம்'. எரித்த கைகள் எவருடையவை என்ற கேள்வியே இல்லை. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் புலிகள் கல்முனை வீதியால் வந்த முஸ்லிம் பயணிகளை, மக்காவிலிருந்து திரும்பியோர் உட்பட, கடத்திக் கொன்றனர். நாம் வாசித்த தமிழ் ஊர் மலர்களில் அது இல்லை. அவரவர் இழப்பு அவரவர் நூலில் முழுப்பக்கம். அவரவர் செய்தது வெற்றுப்பக்கம். இரு நூல்களையும் பக்கத்தில் வைத்து வாசிப்பவன் மட்டுமே அவ்வாண்டுகளை அறிய முடியும். ஆனால் அவ்வாறு வாசிப்போர் யார்? அக்கரைப்பற்றின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே நூலில் வைத்துப் பேச, கடல்கடந்து வந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் வேண்டியிருந்தது. பல பதிற்றாண்டு உழைப்பின் பயனாக 2008இல் அவர் வெளியிட்ட நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவரை மெச்சுகிறோம், எம்மைக் குறித்து வெட்கப்படுகிறோம்.

பழைய புண்ணைக் கிளறுவதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். புண் ஆறியிருந்தால் அக்கேள்வி பொருந்தும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019இல் உண்ணாவிரதம் நடந்தது. எதிர்ப்பாக மறுபக்கத்திலும் போராட்டம் நடந்தது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை வர்த்தமானியில் வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இங்கே முஸ்லிம் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்குமே எல்லைச் சண்டை. இவ்விவகாரங்களில் எது நியாயம் என்பதைத் தீர்க்க நாம் வரவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் தன் நிருவாகத்தை விரும்பும் உரிமையுண்டு. ஆனால் அந்நாட்களில் மேடைகளில் எடுத்துக்காட்டப்பட்டவை எவை? இந்த மலர்கள்தாம். எல்லைகளை மட்டும் எழுதிவந்த நூல்கள் எல்லைச் சண்டைக்குச் சாட்சியாகப் போனதில் வியப்பில்லை. எழுதியோர் அதை எண்ணி எழுதவில்லை; ஆயினும் உறுதியாக எழுதப்பட்டது உறுதியாகவே பயன்படும்.

இக்குறையில் எமக்கும் பங்குண்டு. ஆண்டுதோறும் தரம் 10 மாணவர்க்கு 'எமது ஊரின் முக்கிய இடங்கள்' என்று கட்டுரை கொடுத்து, மலரிலிருந்து பார்த்தெழுதி வந்ததற்குப் புள்ளியிட்டவர் நாமே. இம்முறை தலைப்பை மாற்றினோம்: இப்பொழுது இல்லாத ஓர் இடத்தைப் பற்றி, வீட்டிலுள்ள மூத்த ஒருவரிடம் கேட்டு எழுதுக. இப்பிள்ளைகள் யாவரும் 2004க்குப் பின் பிறந்தவர்கள். பாதிப்பேர் எழுதவில்லை. சிலர் பழைய சினிமாக் கொட்டகையை எழுதினர். கரைவலை இழுத்த தோணி நின்ற இடத்தை ஒருவன் எழுதினான், நன்றாகவே எழுதினான்.

ஒரு மாணவி கட்டுரை எழுதாமல் பட்டியலொன்று கொண்டுவந்தாள். கடற்கரையோரம் அவளுடைய மூத்தம்மாவின் வளவில் ஒரு பொதுக்கிணறு இருந்ததாம். அக்கிணற்றில் தண்ணீர் அள்ளிய வீடுகளைக் கிணற்றைச் சுற்றிய வரிசைப்படி மூத்தம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். வீட்டுக்காரப் பெண்ணின் பெயரே ஒவ்வொன்றுக்கும் தலைப்பு. ஆண்களின் பெயர் பல இடங்களில் இல்லை. அத்துடன் அலையிற் போனவர் யார், இருப்பவர் யார் என்ற குறிப்பு. முப்பத்தொரு வீடுகள். பத்தொன்பதாவது வீட்டுக்கு நேரே கேள்விக்குறி போட்டிருந்தாள். என்னவென்று கேட்டோம். அது நகைத்தொழில் செய்த தமிழ்க் குடும்பமொன்றின் வீடு, 1990இல் எழும்பிப் போனவர்கள், பாண்டிருப்புப் பக்கம் இருப்பதாகக் கேள்வி என்று மூத்தம்மா சொன்னாவாம்.

"அவங்களையும் எங்கட ஊர் எண்டு எழுதலாமா, சேர்?"

எழுதச் சொன்னோம். இன்னும் ஆறு வீடுகளுக்குப் பெயர் கிடைக்கவில்லை. அவற்றில் பத்தொன்பதாவதும் ஒன்று. அந்த வீட்டுப் பெண்ணின் முகமும் அவள் கொடுத்த பலகாரமும் மூத்தம்மாவுக்கு நினைவிருக்கின்றன, பெயர் நாவில் வரவில்லை. அவவுக்கு இப்பொழுது எண்பத்திரண்டு வயது.